ஆடிக்காற்றும் நாற்பத்தாறு மூட்டைகளும்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மூட்டை எண்ணுற வேலைங்க" என்பாள் ஜெபராணி. கோவையில் மரபணுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் அவள் டெக்னீசியன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுமார் இரண்டு மீட்டர் டிஎன்ஏ இழை, புரத உருண்டைகளில் சுற்றிச் சுற்றி அடங்கிக் கிடக்கிறது. சாதாரண நேரத்தில் தளர்ந்திருக்கும், மைக்ராஸ்கோப்பில் பிடிபடாது. செல் இரண்டாகப் பிரியும்போது மட்டும், வீடு மாறுகிறவர்கள் சாமான் கட்டுவதுபோல், நாற்பத்தாறு இறுக்கமான மூட்டைகளாகிவிடும். அவைதான் குரோமோசோம்கள். அந்த நேரம் பார்த்து மருந்து விட்டு நிறுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டி விரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு, இருந்தால் என்ன?

ஆடி மாதம் ஒரு தம்பதியின் ரத்தம் வந்தது. சென்னிமலை வேலுமணி, அவன் மனைவி பொற்கொடி. கரு தங்காமல் கலைந்துகொண்டே இருந்தது. மாமியார் மயிலாத்தாள் பழியை மருமகள் தலையில் போட, பொற்கொடி கொடுமுடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலுமணி வாயே திறக்கவில்லையாம். கேட்டதிலிருந்து ஜெபராணிக்கு அவன்மேல் எரிச்சல்.

பொற்கொடியின் தகட்டில் எல்லாம் சரியாக இருந்தது. வேலுமணியுடையது சொதப்பிவிட்டது; மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"மறுபடி ரத்தம் கேக்கலாங்களா?" என்றாள் உடன் வேலை செய்யும் கெசியா.

"கேட்டா அந்தாளு இனி வரமாட்டான், கண்ணு. சன்னலத் தொறந்தது யாரு?"

புழுக்கமாக இருக்கிறதென்று கெசியாதான் திறந்திருந்தாள். ஆடிக்காற்று தகட்டை நொடியில் காய வைத்துவிட்டது. மூட்டைகள் விரிய நேரமே இல்லை. ஜெபராணி ஜன்னலைச் சாத்தினாள். வெந்நீர் ஆவியில் புதுத் தகட்டைக் காட்டி, மிச்சமிருந்த செல்களைச் சொட்டினாள். இந்த முறை அழகாக விரிந்தன. சாயமேற்றிப் பார்த்ததும் விஷயம் தெரிந்தது.

டாக்டர் அன்புமணி இருவரையும் வரவழைத்தார். படத்தைக் காட்டும் பொறுப்பு ஜெபராணிக்கு.

"இழை எதுவும் கொறையலீங்க. ரெண்டு மூட்டையோட நுனி இடம் மாறியிருக்குது. அதனால உடம்புக்கு ஒண்ணுமில்ல. கொழந்தைக்குப் பங்கு போறப்பத்தான் சிலசமயம் கூடக்கொறைய ஆயிருது."

"இது ஆரோடதுங்க?" என்றான் வேலுமணி.

"உங்களுதுங்க."

"யார் குத்தமும் இல்லீங்க. நல்லபடியா கொழந்தை பொறக்கவும் வழி இருக்குது," என்றார் டாக்டர்.

வேலுமணி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அம்மா, காரணம் எங்கிட்டத்தானுங்க இருக்குது. பொற்கொடியக் கூட்டிட்டு ஊட்டுக்கு வாரேன்."

ஜெபராணிக்கு எரிச்சல் பாதி இறங்கியது. ஆனால் பொற்கொடி பையைத் தோளில் மாட்டினாள்.

"நா கொடுமுடிக்குத்தானுங்க போறேன். பேசுனவங்க வந்து கூப்புடட்டும், வாரேன்."

அப்படிப் போடு என்று ஜெபராணி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"கொடுமுடிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேளு," என்றாள் போனில் மயிலாத்தாள்.