ஸ்டூரேயின் பொறாமைப் பாட்டுகள்

பொறாமை ஸ்டூரேவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வியாதி அல்ல. மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளியின் கடைசிப் பிள்ளையாக டாலர்னா மாகாணத்தில் பிறந்தவன் அவன். அண்ணன்மார் போட்டுத் தேய்த்த பூட்ஸ்தான் அவனுக்கு வரும். ஊர் இசைப் பள்ளியில் பையன்கள் கிட்டாருக்கு அடித்துக்கொண்டபோது, அவனுக்கு மிஞ்சியது தேவாலயத்து மூலையில் கிடந்த மிதி ஆர்மோனியம். கிட்டார்க்காரன்களைச் சுற்றிப் பெண்கள் நிற்பதைப் பார்த்தபடியே வாசிக்கப் பழகினான். வயிறு எரிந்தால் விரல் நன்றாக ஓடுகிறது என்பதை அப்போதே கண்டுகொண்டான்.

பதினெட்டு வயதில் தலைமுடி வளர்த்து, கார் கொட்டகையில் பாப் குழு ஒன்று ஆரம்பித்தான். அது இரண்டு குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பிறகு ஊர் ஊராகப் போய் நடனத்துக்கு வாசிக்கும் குழுவில் சேர்ந்தான். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, வேன் ஓட்டுவது எல்லாம் ஸ்டூரே. குழுவின் பெயர் மட்டும் 'லாஸ்ஸே குழு'. லாஸ்ஸே பாடுகிறவன், பல்வரிசை நன்றாக இருக்கும். சுவரொட்டியில் அவன் முகம் தட்டு அளவுக்கு, ஸ்டூரேயின் முகம் பொத்தான் அளவுக்கு. இதை நினைத்து அவன் சாப்பிடாமல் படுத்த நாளும் உண்டு.

மாய்பிரிட் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஒரு சனிக்கிழமை காட்டோரம் இருந்த நடனக் கொட்டகையில் அவள் ஆடுவதை மேடையிலிருந்து பார்த்தான், காபி இடைவேளையில் பேச்சுக் கொடுத்தான், அடுத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. ஆட்டம் என்றால் உயிரை விடுகிறவள், சனிக்கிழமைதோறும் மேடையில் மாட்டிக்கொள்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவள் ஆடாமல் இருப்பாளா? அவன் வாசிப்பான், அவள் கீழே மற்றவர்களோடு ஆடுவாள். அதில் ஒன்றும் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் பாட்டுகள் இரண்டிரண்டாகத்தான் வரும். ஒருத்தரோடு இரண்டு பாட்டு ஆடி, நன்றி சொல்லி, அவரவர் சுவரோரம் போய் நின்றுவிட வேண்டும். ஒரே மாலையில் அதே ஆள் திரும்பி வந்தால் ஊர் கவனிக்கும்.

ஹோக்கன் திரும்பி வந்தான்.

மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். தலையில் முடி இல்லை, பேச்சும் கிடையாது. ஆனால் அந்தக் கால்! கனத்த மனுஷன் தரையில் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போவான்.

"இன்னைக்கும் ரெண்டாவது தடவை வந்தானே," என்றான் ஸ்டூரே, வீட்டுக்குப் போகும்போது வேனில்.

"எண்ணிக்கிட்டா இருந்தே?"

"வாசிக்கிறது கைதானே. கண்ணு சும்மாதானே இருக்கு."

"சும்மா இருக்கிற கண்ணை நல்ல இடத்துல வையேன்," என்றாள் மாய்பிரிட், ஜன்னல் பக்கம் திரும்பி.

அவன் சண்டை போடவில்லை. பாட்டு எழுதினான். 'உன் தோளில் இருப்பது யார் கை' என்று ஒன்று. 'அவன் எங்கே கற்றான் இந்த ஆட்டம்' என்று இன்னொன்று. எல்லாமே சின்னச் சின்னப் பாட்டு. மூன்றாவது சரணம் வருகிற இடத்தில் கத்தரித்துவிடுவான். எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ, அவ்வளவு சீக்கிரம் ஹோக்கன் கையை எடுப்பான் அல்லவா? ரேடியோக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. 'ஒரு வார்த்தை மிகையில்லை' என்று பாராட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வரிசையில் அவனுடைய பாட்டுகள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. நாடு முழுக்கப் பெண்கள், இப்படி உருகுகிற புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஸ்டாக்ஹோமிலிருந்து பத்திரிகைக்காரி ஒருத்தி வந்து மாய்பிரிட்டையே கேட்டாள்: "உங்களை நெனச்சு எழுதின பாட்டை ரேடியோல கேக்கும்போது எப்படி இருக்கும்?"

"காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள் மாய்பிரிட்.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு இலையுதிர்காலத்தில் ஹோக்கன் நார்வேக்குப் போய்விட்டான். மீன் லாரி, இரட்டைச் சம்பளம். செய்தி கேட்ட அன்று ஸ்டூரே கடைக்குப் போய், விசேஷ நாளில் மட்டும் வாங்குகிற இறால் கேக் வாங்கி வந்தான். மாய்பிரிட் என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றான். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினான்.

தூக்கம் வந்தது, பாட்டு நின்றுபோனது. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்வான், ஒன்றும் வராது. பழைய மெட்டுகளே வேஷம் மாற்றிக்கொண்டு வந்து நின்றன. மாய்பிரிட் கீழே யார் யாரோடோ ஆடினாள். பல் டாக்டர், பால் பண்ணைக்காரன், அவளுடைய சித்தப்பா. அவன் வயிறு அசையக்கூட இல்லை.

வசந்தத்தில் லாஸ்ஸே கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"கோடைக்குப் புதுப் பாட்டு வேணும்டா. யோத்தபோரிலிருந்து ஒரு பையன் நாலு பாட்டு அனுப்பியிருக்கான். நல்லாத்தான் இருக்கு. கீபோர்டும் வாசிக்கிறானாம்."

"என் எடத்துலயா?"

"நான் அப்படிச் சொல்லலையே," என்றான் லாஸ்ஸே, அந்தப் பல்லைக் காட்டி.

அடுத்த வாரமே ஸ்டூரே மலையைத் தாண்டி நார்வேக்கு வண்டியை விட்டான். வீட்டில் வேன் பழுது பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டான். ஹோக்கன் ரப்பர் பூட்ஸோடு கதவைத் திறந்தான். காபி போட்டான். காபி ஆறியது.

"நடுக்கோடைத் திருநாளுக்கு ஊருக்கு வா," என்றான் ஸ்டூரே.

"எதுக்கு?"

"ஆடத்தான்."

"யாரோட?"

ஸ்டூரே கோப்பைக்குள் பார்த்தபடி சொன்னான்: "என் பொண்டாட்டியோட."

ஹோக்கன் கோப்பையைக் கீழே வைத்தான். "உனக்கு ஒடம்பு சரியில்லையா?"

"பெட்ரோல் செலவு நான் பாத்துக்கறேன்."

"வர்றேன்பா, வர்றேன். இங்கே ஆட ஆளே இல்லை," என்றான் ஹோக்கன். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னான்: "ஆனா ஒண்ணு. உன் பாட்டெல்லாம் ஏன் அவ்வளவு குட்டையா இருக்கு? கால் சூடாகறதுக்குள்ள முடிஞ்சு போகுது."

திருநாளன்று வெயில் சாயவே இல்லை. திருநாளுக்குப் பூச்சுற்றி நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடி முடித்த கூட்டமெல்லாம் கொட்டகைக்குள் வந்திருந்தது. ஹோக்கன் தரையைக் கடந்து போய் மாய்பிரிட் முன்னால் தலை குனிந்து நின்றதுதான் தாமதம், ஸ்டூரேயின் வயிறு பழையபடி பற்றிக்கொண்டது. அதோ, மெட்டு! இரண்டு வரி, மூன்று வரி. இடது கையால் வாசித்துக்கொண்டே, புது மெட்டை முணுமுணுத்து வலது கையால் தாளம் தட்டினான். சந்தோஷத்தில் அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது மாய்பிரிட் பாட்டு நடுவில் நின்றுவிட்டாள். நடுத் தரையில் யாரும் அப்படி நிற்பதில்லை. ஹோக்கன் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை.

காபி இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்தாள்.

"வேன் பழுது பாக்க நார்வே வரைக்கும் போனியா?"

"அவனைக் கூப்பிட மலை தாண்டிப் போயிருக்கே. இந்த மேடைக்கு மூணு படி. எனக்காக ஒருநாள் எறங்கி வந்தியா?"

"பாட்டு வரலை, மாய்பிரிட். அவனைப் பாத்தாத்தான்..."

"தெரியும். எனக்கு எப்பவோ தெரியும். அவன் கை, அவன் தோள், அவன் காலு. அத்தனை பாட்டுலயும் அவன்தான் இருக்கான். நான் எங்கே இருக்கேன், சொல்லு? ஊரே என்னைப் பாத்துக் குடுத்து வச்சவங்குது. நீ அவனைப் பாத்து எரிஞ்சே. நானும் அவனைப் பாத்துத்தான் எரிஞ்சேன். என் புருஷன் கண்ணு பூரா அவன் மேலயே இருந்துச்சே."

அவள் போய்விட்டாள். எழுதிய பாட்டையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தான் ஸ்டூரே. அவள் கண் என்ன நிறம் என்றுகூட ஒன்றிலும் இல்லை.

இடைவேளைக்குப் பிறகு பெண்கள் வந்து ஆண்களை ஆடக் கூப்பிடுகிற முறை. லாஸ்ஸே மைக்கில் அறிவிக்கும்போது ஸ்டூரே எழுந்து படி இறங்கினான். "டேய், எங்கடா போறே?" என்றான் லாஸ்ஸே. ஆண்கள் வரிசையில், சுவரோரம், பால் பண்ணைக்காரனுக்குப் பக்கத்தில் போய் நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மாய்பிரிட் தரையைக் கடந்து வந்தாள். அவனைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு இரண்டடி தள்ளி நின்ற ஹோக்கனின் கையைப் பிடித்தாள்.

வயிறு எரிந்தது. இதுவரை எரியாத விதமாக எரிந்தது. மெட்டு எதுவும் வரவில்லை. ஹோக்கனின் கால் எங்கே போகிறது என்று அவன் கவனிக்கவில்லை. அவளைத்தான் பார்த்தான். மாய்பிரிட் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவள். உதடு லேசாகத் திறந்திருக்க, எதிரே யார் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல், பாட்டுக்குள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ஹோக்கன் இல்லை. எப்போதுமே இருந்ததில்லை.

இரண்டாவது பாட்டு ஸ்டூரேயினுடையது. மூன்றாவது சரணம் வரவேண்டிய இடத்தில் அது பட்டென்று நின்றது. எல்லோரும் கையை எடுத்து நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மாய்பிரிட் மட்டும் கண்ணைத் திறக்காமல், இல்லாத பாட்டுக்கு இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். இத்தனை வருஷமாகத் தான் கத்தரித்தது யாருடைய ஆட்டத்தை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.