அப்பாவின் முப்பது சைன்

எங்கள் அப்பா நில அளவையாளர். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தோம். காலையில் தேத்தண்ணீர் குடித்ததும் அவர் தன் கல்குலேட்டரில் முப்பதையும் சைனையும் அமத்திப் பார்ப்பார். 0.5 என்று வந்தால்தான் சப்பாத்து போடுவார். அது கோணத்தைப் பாகையில் எடுக்கும் முறை தெரியாத்தனமாக மாறியிருந்தால் அன்று அளக்கும் காணி முழுக்கப் பிழைத்துவிடுமாம். நான் பக்கத்தில் நின்று அந்தப் புள்ளி ஐந்து வருவதை மட்டும் பார்ப்பேன். எந்தப் பொத்தான் முதல், எது பிறகு என்பதெல்லாம் எட்டு வயதுக்காரிக்கு எதற்கு?

அது யப்பானில் செய்த கல்குலேட்டர். சும்மா சொல்லக்கூடாது, கையில் எடுத்தால் கனம் தெரியும். எழுத்துகள் மேலே பூசினவையல்ல, பொத்தானோடு சேர்த்து வார்த்தவை. அப்பாவின் விரல் எத்தனையோ வருடம் தேய்த்தும் ஒன்றுகூட அழியவில்லை.

ஒருநாள் காணி அளந்துகொண்டு நின்ற இடத்திலேயே அப்பா விழுந்தார். பாரிசவாதம். களுபோவில ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கை மெதுவாகத்தான் எழும்பியது, பேச்சும் கொஞ்சம் குழறியது. கணக்குகளைச் செய்ய முடியுமென்றால் மேசையில் இருந்து வேலை பார்க்கலாம் என்று அவர் வேலைசெய்த கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு கதிரையில் போய் இருப்பதைத்தான் அப்பா இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பை கந்தோரிலேயே கிடந்தது. அது வரும்வரை பொறுக்க மாட்டாமல், புறக்கோட்டையில் கடை வைத்திருந்த பெரியப்பா புதுக் கல்குலேட்டர் ஒன்றோடு வந்துவிட்டார்.

"பழசிலும் பாக்க இதில கன வேலை செய்யலாமாம். செய்து பார் தம்பி."

அப்பளம் மாதிரி இலேசான சாமான். அமத்தினால் மேசையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்பா ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூன்று, சைபர், பிறகு சைன் அமத்தினார். பதில் வரவில்லை. சமன் குறியை அமத்தினார். பிழை என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. அழித்துவிட்டு மறுபடி செய்தார். மறுபடியும் அதே எழுத்து. அம்மா துவாயைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றா.

பழைய கல்குலேட்டருக்கு எண்ணை முதலில் கொடுக்க வேண்டும், சைனைப் பிறகு. புதியதற்குச் சைன் முதலில், எண் பிறகு. அவ்வளவுதான் விசயம். இதை நான் கம்பஸில் படிக்கும்போதுதான் அறிந்தேன். அப்போது அப்பா இல்லை. அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

"அண்ணை, எனக்கு இனி ஏலாது," என்றார் அப்பா.

"நாளைக்குப் பாப்பம், இப்ப படுங்கோ," என்றா அம்மா.

நாளைக்கு யாரும் பார்க்கவில்லை. தன் மூளை போய்விட்டது என்று அப்பாவே முடிவுகட்டி, கந்தோருக்கு வரவில்லை என்று சொல்லியனுப்பினார். புதுக் கல்குலேட்டர் எனக்கு விளையாட்டுச் சாமானாயிற்று. கண்டபடி அமத்தி விளையாடும்போது சைன், முப்பது, சமன் என்று அமத்த 0.5 வந்தது. அப்பாவுக்கு அமத்தும் ஒழுங்கு மறந்துபோய்விட்டது என்று விளங்கிக்கொண்டேன். சொன்னால் வெட்கப்படுவார் என்று சொல்லவில்லை. பாவமாக இருந்தது.

கொஞ்சநாளில் கந்தோரிலிருந்து பை வந்து சேர்ந்தது. அப்பா அதைத் திறக்கவேயில்லை. நான்தான் திறந்து, பழைய கல்குலேட்டரை எடுத்து, எனக்குத் தெரிந்த சரியான ஒழுங்கில் அமத்தினேன். சைன், முப்பது, சமன். முப்பது அப்படியே நின்றது. திரும்பவும் அமத்தினேன். திரும்பவும் முப்பதுதான்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அப்பா, இதுவும் பழுதாப் போச்சு."

அவர் அதை வாங்கவில்லை. முப்பது என்று நின்ற எண்ணைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"அதுக்கும் ஏலாமல் போட்டுது பிள்ளை. உள்ளுக்க வையுங்கோ."

பிழையை நானாகவே கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு அதை உறைக்குள் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினா.