மூக்கடைப்போடு ஓகே போட்ட நீலத்துணி

தீக்குச்சி உரசும் சத்தம். அதன் நுனியில் ஒரு நூல் சுருண்டு கருகும். கரும்புகை மேலே எழும்... நான் குனிந்து மோந்து பார்ப்பேன்.

ஓசூரில் என் முதல் வேலை அதுதான், நம்புங்கள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நூலைக் கொளுத்தி மோந்து பார்க்கிற வேலை! பதவியின் பெயர் மட்டும் ஸ்டோர்ஸ் இன்ஸ்பெக்‌ஷன்.

சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன யூனிட். கடை வாசலுக்கு வெயில் மறைப்பும் படகுக்கு மூடுதுணியும் தைப்போம். எங்களில் பாதிப் பேர் படகில் ஏறியதே இல்லை. ஆனால் படகின் நீள அகலமெல்லாம் மனப்பாடம்.

முதலாளியை சார் என்போம். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ். துணி விஷயத்தில் மனுஷன் விடாக்கண்டன்.

"பாரும்மா, பாலியஸ்டர்ல சாயத்த மேல ஏத்துவாங்க. ரெண்டு வெயில் பாத்தா வெளுத்துடும். இந்த அக்ரிலிக்ல நூல் ஆகறதுக்கு முன்னாடியே கலர் கலந்துடுது. அப்புறம் அது எங்க போவும்? காத்தும் உள்ள போய் வரும், படகுல பூஞ்சை பிடிக்காது."

ஒரு தடவை யாரோ ஒரு வியாபாரி, அக்ரிலிக் என்று சொல்லிப் பாலியஸ்டரை அவர் தலையில் கட்டிவிட்டாராம். அன்றிலிருந்து எந்த ரோல் வந்தாலும் ஒரு நூலை உருவிக் கொளுத்த வேண்டும். இரண்டிலும் புகை கறுப்புதான். அக்ரிலிக் மூக்கில் அறையும், பாலியஸ்டர் லேசாக இனிக்கும். மோந்து பார்த்தவர் ஓகே டேக்கில் கையெழுத்துப் போட்டால்தான் ரோல் கட்டிங்குக்குப் போகும்.

அந்தக் கார்த்திகையில் எனக்குச் சளி. ஓசூர்க் குளிர்தான் தெரியுமே... ஐந்து நாள் மூக்கு சுத்தமாகச் செத்துவிட்டது. அந்த நேரம் பார்த்தா ஒரு நீல ரோல் வர வேண்டும்? மங்களூரில் ஒரு படகுத்துறைக்கு எட்டு மூடுதுணி, அவசர ஆர்டர்.

கொளுத்தினேன். மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மூக்கு அடைத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ப்ரொபேஷன் முடியப் பத்து நாள்தான் பாக்கி. வேலை போனால் போதும், நாகரசம்பட்டியில் அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தயாராக நிற்கிறார். பார்க்க நல்ல துணியாகத்தானே இருக்கிறது என்று ஓகே போட்டுவிட்டேன். கொழுப்பு, வேறென்ன!

நான் அப்போது சூளகிரியில் சித்தி வீட்டில் தங்கி பஸ்ஸில் போய்வந்தேன். லோடு கிளம்புகிற அன்று காலை, பேரிகை ஊர்க்காரர் ஒருவர் கொத்தமல்லிக் கட்டோடு பஸ்ஸில் ஏறினார். குப்பென்று வாசனை. அப்பாடா, மூக்கு திறந்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷம். அடுத்த நொடிதான் நினைவு வந்தது. அப்போ அந்த ரோல்?

யூனிட் வாசலில் லாரி. எட்டு மூடுதுணியையும் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமை டெய்லர் லட்சுமம்மா அக்கா. அவர் மெஷினுக்கு அடியில் கிடந்த நீலத் துண்டு ஒன்றை எடுத்து நூலை இழுத்தேன். சுலபமாக வந்தது. குழாயடியில் வைத்துக் கொளுத்தினேன்.

இனித்தது.

பேசாமல் இருந்துவிட்டால் லாரி போய்விடும்... துணி வெளுக்க நாளாகும்... அதற்குள் எனக்கு வேலை நிரந்தரமாகிவிடும். இப்படியும் நினைத்தேன், மறைக்க மாட்டேன். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்த சத்தம் கேட்டதும் ஓடினேன்.

"சார், லாரிய நிறுத்துங்க சார்! அது பாலியஸ்டர். எனக்குச் சளி சார், மோப்பமே தெரியல. தெரியாமயே ஓகே போட்டுட்டேன்!"

சார் முகம் விழுந்துவிட்டது. "எறக்குங்கப்பா" என்றார், அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

லட்சுமம்மா அக்கா மட்டும் என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த நூல எரிச்ச?"

"இதுலருந்துதாங்க்கா உருவுனேன்..."

"ஒசே பிச்சி!" அக்காவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கில் எல்லோரும் பைத்தியம்தான். "நீ உருவுனது ஓரத்துல இருந்த தையல் நூலுடி! தையலுக்கு நான் பாலியஸ்டர் நூலுதான போடுவேன்? துணி நூலு இவ்ளோ லேசா கைக்கு வருமா?"

ஊசியால் துணியிலிருந்தே ஒரு இழையை நெம்பி எடுத்து, அவரே கொளுத்தி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அறைந்தது பாருங்கள்! அப்படி ஒரு நாற்றம். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் மோந்ததில்லை. அங்கேயே குழாயடியில் உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன், தும்மினேன்... எல்லாம் ஒன்றாக வந்தது.

சாரும் சிரித்துவிட்டார். "மூக்கு அடைக்கறது ஒரு தப்பாம்மா? என்னக் கூப்பிட்டா நான் மோந்து பாக்க மாட்டேனா?" என்றார். லோடு ஏற்றுகிறவர்கள் மட்டும் ஒரு மாதம் விடவில்லை. "மேடம், இன்னிக்கு மூக்கு ஓகேவா?" என்று தினமும் கேட்பார்கள். ப்ரொபேஷன் முடிந்ததும் நிரந்தர ஆர்டரும் கைக்கு வந்தது. அப்பா மாப்பிள்ளைப் பேச்சைத் தள்ளி வைத்தார்.

இப்போதும் அதே யூனிட்தான், நான்தான் குவாலிட்டி பார்க்கிறேன். ஒவ்வொரு ரோலுக்கும் லேப் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடுகிறது. யாரும் தீக்குச்சி தேடுவதில்லை. நிம்மதிதான். ஆனால் அந்தக் கூத்துக்குப் பிறகு பழக்கமாகியிருந்தபடி நாலு பேர் கூடி நின்று மோந்து, "ஆமா, இது அக்ரிலிக்தான்" என்று தலையாட்டுவதும் போய்விட்டது.

போன மாதம் மங்களூரிலிருந்து ஒரு பெரிய கட்டு வந்தது. அந்த எட்டு நீல மூடுதுணியில் ஆறு! இத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. கம்ப்ளெயின்ட் என்றே நினைத்தேன். சார் போனில் பேசிவிட்டு வந்தார்.

"தையல் மட்டும் விட்டுப்போச்சாம்மா. துணி நல்லா இருக்கு, புதுசு வேணாம், திருப்பித் தைச்சு குடுங்கன்றாங்க."

வாசலில் வெயிலில் விரித்துப் போட்டேன். நீலம் அப்படியே இருந்தது. சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, துணியில் முகத்தை வைத்து ஆழமாக ஒரு இழு இழுத்தேன்.

உப்பும் பாசியும் கலந்த வாசனை. நன்றாகவே தெரிந்தது.