சரோஜா அத்தையின் ஆராய்ச்சி

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் என் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்த நர்ஸின் கையில் ஸ்பிரிட் வாசனை. நான் சிறுமியாக இருந்தபோது, எரியோடு ஊரில் எங்கள் வீட்டில் சரோஜா அத்தையின் வெள்ளைச் சேலையிலும் இதே வாசனைதான் அடிக்கும்.

அப்பாவின் தங்கை அவர். எங்கள் பக்கத்தில் நர்ஸாக இருந்து ஆராய்ச்சிக்குப் போன முதல் பெண். படுக்கைப்புண் வராமல் காப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. என்னைக் கயிற்றுக் கட்டிலில் நோயாளிபோலக் கிடத்தி, வலிக்காமல் புரட்டிப் பார்ப்பார். எனக்குக் கூச்சத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

“பீ அள்ளுறதுக்கு எதுக்குத்தா பட்டம்?” என்பார் அப்பா.

“படுத்துக் கெடக்குறவங்க புண்ணு வந்து சாகக் கூடாதுண்ணே. அப்பப்பப் புரட்டிவிட ஆளிருந்தாப் போதும்.”

கல்யாணம் செய்துகொள்ளாத அத்தை, வயதான பின் பக்கவாதம் வந்து அப்பா வீட்டிலேயே படுக்கையில் விழுந்தார். அம்மா என் அண்ணியைக் கைகாட்டினாள், அண்ணி அம்மாவைக் கைகாட்டினாள். புகுந்த வீட்டிலிருந்து நான் பார்க்கப் போனபோது முதுகெல்லாம் புண்.

“எலும்பு தெரியுதாத்தா?” என்று குழறினார்.

தெரிந்தது. அந்த வாரமே போய்விட்டார்.

நர்ஸிடம் அத்தையின் பெயரைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

“அவங்க எழுதினதத்தான் நாங்க படிச்சோம்க்கா! இறந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். எப்படி இறந்தாங்க?”

“பக்கவாதம்” என்றேன்.