மாமா ஜெயித்த லீக்

என் தாய்மாமன் நாட்டின் முதல் தரக் கால்பந்து லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். இதை எங்கள் தெருவில் யாரும் முழுதாக நம்பவில்லை. முதல் தரம் என்றால் டிவியில் வர வேண்டும் என்பது அவர்கள் கட்சி. டிவியில் வந்ததோ வேறொரு லீக். அதில் சினிமா நட்சத்திரங்கள் மைதானத்துக்கு வந்து கையசைத்தார்கள். வாணம் விட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வயதான பிரபலங்கள் மெதுவாக ஓடினார்கள். மாமாவின் லீக்கில் மதிய வெயிலில் ஆட்டம் வைத்தார்கள். டிவியில் எப்போதாவது காட்டினாலும் அது பள்ளிக்கூடமும் கடையும் நடக்கிற நேரம்.

எங்கள் வீடு சேலம் கோட்டைப் பகுதியில் இருந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருக்குக் கொண்டலாம்பட்டி பைபாஸில் தார்ப்பாய்க் கடை. லாரிக்குப் போர்த்தும் தார்ப்பாய், கட்டும் கயிறு, இரண்டும்தான் வியாபாரம். அம்மாவின் ஒரே தம்பியான மாமா, கிழக்கே வெகு தூரத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில், ஒரு கம்பெனி நடத்திய டீமில் இடது பக்கத் தடுப்பாட்டக்காரராக இருந்தார். சீசன் முடிந்து ஊருக்கு வந்தால் விடியற்காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய், ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்திலிருந்து மேலே ஓடுவார். சில நாள் என்னையும் ஸ்கூட்டரில் கூட்டிப்போவார். நான் ஸ்கூட்டருக்குக் காவலாகக் கீழே டீக்கடையில் உட்கார்ந்து பன் தின்பேன். ஓடி இறங்கி வந்ததும் வியர்வையைத் துடைத்துக்கொண்டே எனக்கு லீக்கின் சரித்திரத்தைச் சொல்வார்.

"முன்னெல்லாம் நாடு முழுக்க ஒரே லீக்குன்னு கெடையாது கண்ணு. கல்கத்தாக்காரன் கல்கத்தாவுல ஆடுவான், கோவாக்காரன் கோவாவுல ஆடுவான். எல்லாரும் சேர்றது கப்பு ஆட்டத்துலதான். யாரு பெரியவன்னு சண்டை தீரவே தீராது. அப்புறந்தான் தேசிய லீக்குன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருசம் கழிச்சுப் பேர மாத்துனாங்க. ஆனா சட்டம் ஒண்ணுதான். கடைசியா வந்தவன் கீழ எறங்கணும், கீழ ஜெயிச்சவன் மேல வரணும்."

"அப்ப டிவில வர்றது?"

"அது ரெண்டு மாசத் திருவிழா கண்ணு. முடிஞ்சதும் பந்தலப் பிரிச்சிருவாங்க" என்றார்.

ஆனால் அந்தப் பந்தல் வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போனது. அதில் கீழே இறங்குவதும் கிடையாது, மேலே ஏறுவதும் கிடையாது என்று மாமா சொன்னபோது எனக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. யாரும் ஃபெயில் ஆகாத பள்ளிக்கூடம் மாதிரி.

அத்தாவுக்குக் கால்பந்து பிடிக்காது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவருக்குக் கடைக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். சொந்த மச்சான் இருக்கும்போது வேறு ஆளைத் தேடுவானேன் என்பது அவர் எண்ணம். ஒரு நோன்புப் பெருநாள் அன்று, சாப்பாட்டு விரிப்பில் இந்தப் பேச்சு வந்தது.

"உன் லீக்கு நேசனல் பர்மிட்டா, ஸ்டேட் பர்மிட்டா மாப்ள?" என்றார் அத்தா. அவருக்கு உலகம் லாரி வழியாகத்தான் புரியும்.

"நேசனல் பர்மிட்டுங்க மச்சான். இதுக்கு மேல ஒண்ணு கெடையாது."

"அதுல உன் டீமு எத்தனாவது?"

மாமா கறியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அத்தா விடவில்லை.

"எத்தன வருசம் இப்படியே ஓடிக்கிட்டு இருப்ப? கால் போனா யாரு சோறு போடுவா?"

அப்போதுதான் மாமா நிமிர்ந்தார். "ரெண்டு சீசன் குடுங்க மச்சான். அதுக்குள்ள நாட்டுல மொத எடத்துக்கு வரலைன்னா நானே கடைக்கு வாரேன். யாரும் கூப்புட வேண்டாம்."

"வந்துட்டா?"

"வந்துட்டா கடைப் பேச்சையே நீங்க எடுக்கக் கூடாது."

அத்தா சிரித்தார். என்னைப் பார்த்து, "நீதான் சாட்சி. ரெண்டு பேரு சொன்னதையும் மனசுல வச்சுக்க" என்றார். ஆறாம் வகுப்பில் இருந்த எனக்கு அதுவரை யாரும் பொறுப்பு எதுவும் கொடுத்ததில்லை. இரண்டு வாக்கியங்களையும் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். அம்மா மட்டும், "ஆம்பளைங்க ரெண்டு பேருக்கும் வேற வேல இல்ல" என்று சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் சீசனில் மாமாவின் டீம் கீழே இறங்காமல் தப்பியதே பெரிய விஷயம். இரண்டாவது சீசனில் அத்தாவிடம் ஒன்றைக் கவனித்தேன். கிழக்கே லோடு ஏற்றிப் போகிற டிரைவர்களிடம், கயிறு அளந்து கொடுக்கும்போது, "அந்தச் சுரங்க ஊர் வழியாவா போற? அங்க ஒரு கிரவுண்டு இருக்குதாம். ஆட்டம் நடந்தா எட்டிப் பாத்துட்டு ஒரு போன் போடு" என்பார். வழியில் வெயிலா மழையா என்று விசாரிப்பதுபோல, முகத்தில் எதுவும் காட்டாமல் கேட்பார். வியாபாரத்துக்கு ஏதோ தேவை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த சீசனில் மாமாவின் டீம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நாட்டுக்கே முதலிடம் என்ற நிலைமை. பள்ளிக்குக் கோடை விடுமுறை. அன்றைக்கு எங்கள் வீட்டு கேபிளில் அந்தச் சேனல் வரவில்லை. நான் கடைக்கு ஓடினேன். அத்தா போனை தார்ப்பாய் அடுக்கின் மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டிருந்தார். எருமப்பட்டி டிரைவர் ஒருவர், வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, மைதானத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் அதுவரை கால்பந்து பார்த்ததே இல்லை.

"ஏனுங்க பாய், நம்ம மாமன் பந்த வெளிய ஒதச்சுப்போட்டாருங்க."

"வெளியவா? அது நல்லதா கெட்டதா?"

"தெரியலீங்க. பக்கத்துல இருக்கறவிங்க கை தட்டறாங்க."

"அப்ப நல்லதுதான். மேல சொல்லு."

கடைப் பையன்கள் கயிற்றை அப்படியே போட்டுவிட்டு நின்றார்கள். இடையில் இரைச்சல் அதிகமாகி ஒன்றும் கேட்கவில்லை. அத்தா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "யாரு போட்டா? யாரு போட்டாய்யா?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"நம்மாளுங்கதானுங்க! மாமன் தூக்கிக் குடுத்தாருங்க, ஒரு கறுத்த பையன் தலையால இடிச்சு உள்ள தள்ளிப்போட்டானுங்க!"

ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் டிரைவர் அழுதார். ஏன் அழுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. அத்தா போனை அணைத்தார். ஒரு தார்ப்பாயை எடுத்து மடித்தார். ஏற்கனவே மடித்திருந்த தார்ப்பாய் அது. பிறகு ஜிலேபி வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். எதற்கு என்று ஒருவர் கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை" என்றார்.

மாமா கழுத்தில் பதக்கத்தோடு சேலம் ஜங்ஷனில் இறங்கினார். அத்தா அவர் பையை வாங்கிக்கொண்டார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சைக் காப்பாற்றுகிற மனிதர்.

அந்த விடுமுறையில்தான் செய்தி வந்தது. அடுத்த சீசனிலிருந்து டிவி லீக்தான் நாட்டின் முதல் லீக். மாமாவின் லீக் இரண்டாவது. மாமா போனில் அதைப் படித்துவிட்டு, இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எந்த மேட்ச்சுல தோத்தீங்க மாமா?" என்று கேட்டேன். கீழே இறங்க வேண்டுமானால் தோற்க வேண்டும் என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

"மேட்ச் ஒண்ணும் ஆடல கண்ணு. கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க."

"உங்களக் கூப்புட்டாங்களா?"

மாமா கை கழுவ எழுந்து போய்விட்டார்.

சில வாரங்களில் கம்பெனியிலிருந்தும் போன் வந்தது. இரண்டாவது லீக்குக்கெல்லாம் டீம் நடத்துவதாக இல்லை, கலைத்துவிடுகிறோம் என்றார்கள். மாமா மாடியில் நின்று பேசி முடித்து, இறங்கி வந்து, கூடத்தில் அத்தாவின் எதிரே உட்கார்ந்தார். அத்தா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னைக்கு என்ன பேசுனோம், சொல்லு."

நான் இரண்டு வாக்கியங்களையும் பிசகாமல் ஒப்பித்தேன். அத்தா தலையாட்டினார்.

"இவன் ஜெயிச்ச அன்னைக்கு அதுதான் மொத லீக்கு. அதுக்கப்புறம் எவனோ ஏசி ரூம்புல உக்காந்து பர்மிட்ட மாத்துனா அதுக்கு இவன் பொறுப்பா? பேச்சுப்படி இவன்தான் ஜெயிச்சான். மாப்ள, நீ வேற டீம் பாரு. கடைப் பேச்சு இந்த ஊட்ல இனிமே கெடையாது."

மாமா பல டீம்களுக்குப் போன் செய்தார். கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போவதையும் நிறுத்தவில்லை. போனில் பேசியவர்கள் எல்லோரும் முதலில் அவர் பதக்கத்தைப் பாராட்டினார்கள், அடுத்து வயதைக் கேட்டார்கள், பிறகு சொல்லியனுப்புவதாகச் சொன்னார்கள். புது சீசன் தொடங்கி டிவியில் வாணம் விட்டார்கள். மாமா அதைப் பார்க்கவில்லை. அத்தா பார்க்க விடவில்லை என்பதே சரி. ரிமோட்டை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

ஒரு காலாண்டு விடுமுறை நாளில் நான் கடையில் இருந்தேன். ஷட்டரைத் தூக்கிக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் மாமா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் கைதட்டிக் குதித்தேன். இத்தனை வருடம் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அத்தாவும் குதிப்பார் என்று நினைத்தேன்.

அத்தாவின் முகம் சிவந்துவிட்டது. "இங்க எதுக்கு வந்த?"

"பேச்சுப்படி வந்திருக்கேன் மச்சான்."

"பேச்சுப்படி நீ ஜெயிச்சவன். ஊட்டுக்குப் போ."

"எந்த டீமும் கூப்புடலைங்க மச்சான். உக்காந்து சாப்புட முடியல." மாமா கயிற்றுக் கண்டு ஒன்றைத் தூக்கப் போனார். அத்தா அதைப் பிடுங்கிப் பையனிடம் கொடுத்தார். மின்விசிறிக்குக் கீழே, வியாபாரிகள் வந்தால் உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மாமாவை உட்கார வைத்தார். டீ சொல்லிவிட்டார்.

அப்போது நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி ஓனர் தார்ப்பாய் வாங்க வந்தார். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "இது யாருங்க பாய், புது ஆளா?" என்றார்.

"என் மச்சான்ங்க" என்றார் அத்தா. "ஃபுட்பால்ல நாட்டுலயே மொத லீக்குல ஜெயிச்ச டீமு. லீவுல வந்திருக்காரு."

அடுத்த நாளும் மாமா வந்தார். அடுத்தடுத்த நாட்களிலும் வந்தார். மெல்ல மெல்லக் கயிறு அளந்தார், தார்ப்பாய் விரித்துக் காட்டினார், அத்தா இல்லாதபோது சாவியும் அவரிடம் இருந்தது. ஆனால் யார் கேட்டாலும் அத்தாவின் பதில் மாறவில்லை. லீவுல வந்திருக்காரு. வருடம் திரும்பியும் அதையே சொன்னார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மாமா மட்டும் அந்த நேரத்தில் ஏதாவது வேலையாக உள்ளே போய்விடுவார்.

எனக்கு அது ஒரே சந்தோஷம். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருடைய மாமாவுக்கும் இத்தனை நீளமான லீவு கிடைத்ததில்லை என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் கடையில் மூன்று பேருமாக டீ குடித்துக்கொண்டிருந்தபோது, லீவு எப்போது முடியும் என்று கேட்டேன். இரண்டு பேரும், பைபாஸில் ஒரு லாரிகூடப் போகாத நேரத்தில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது அவர்கள் காதில் விழவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாகக் கேட்டேன்.