எருமைநாக்கின் கண் எந்தப் பக்கம்?

உபகாரமேரி அக்காவை முதன்முதலில் பார்த்தபோது, நடுரோட்டில் உட்கார்ந்து ஒரு மீனின் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் வழியெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். கடலூரிலிருந்து சேலம் போன மீன் லாரி கள்ளக்குறிச்சியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. ஐஸ் உருகி ஒழுக, டிரைவர் கொளஞ்சியப்பன் கூடைகளை இறக்கிக் கூவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மீன் வாங்க வந்தியா, பல்லு புடுங்க வந்தியா?"

"பரீச்சைக்குங்க அண்ணே. கொஞ்சம் இருங்க."

பக்கத்து மலையடிவாரத்தில் இருந்த அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அக்காதான். விலங்கியல் செய்முறைத் தேர்வில் ஒருமுறை தோற்றிருந்தார். ஏரி மீன் மட்டுமே பார்த்து வளர்ந்தவர், தட்டை மீனின் வெள்ளைப் பக்கத்தை வயிறு என்றும் கறுத்த பக்கத்தை முதுகு என்றும் எழுதிவைத்துவிட்டார். அது கடலடி மணலில் ஒருக்களித்துக் கிடக்கும் மீன்; குஞ்சில் பக்கத்துக்கொரு கண், வளர வளர ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும் என்பதெல்லாம் பிறகுதான் மண்டையில் ஏறியது. "இந்த வாட்டியும் போச்சுன்னா கரும்புக் கொல்லைக்கு வந்துடு" என்று அப்பா ராயப்பன் சொல்லிவிட்டார்.

கல்லூரி ஜாடியிலிருந்த எருமைநாக்கு என்ற தட்டை மீனுக்கு இடப்பக்கம் கண். கூடையிலோ இடமும் இருந்தது, வலமும் இருந்தது. வேறு வேறு இனம் என்று நினைத்து அக்கா இரண்டு குவியலாக்கினார்.

"இன்னாத்துக்குப் பங்கு பிரிச்சிக்கினு இருக்கற? சொத்துத் தகராறா?"

அக்கா ஒவ்வொரு மீனாக வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு குவியலிலும் வாய் நிறைய அதே கூரிய பல். மற்ற தட்டை மீன்களில் முதுகுத் துடுப்பு கண்ணையும் தாண்டித் தலைமேல் ஏறிவிடும். இவற்றில் கண்ணுக்குப் பின்னால்தான் தொடங்கியது. எல்லாவற்றிலும் அப்படியே. எல்லாம் ஒரே இனம்தான் என்று குவியல்களை ஒன்றாகச் சேர்த்தார்.

"கலைக்கவா இவ்ளோ நேரம்?"

"ஆமாங்க அண்ணே, கலைக்கத்தான்."

மறியல் ஓய்ந்து பஸ் ஓடியதும் தேர்வு. தட்டில் கிடந்த மீனுக்கு வலப்பக்கம் கண். எருமைநாக்கு என்று எழுதினார்.

"ஜாடியில இருக்கறதுக்கு இடப்பக்கம்தானே கண்ணு? மாத்திக்கறியா?" என்றார் தேர்வாளர்.

கரும்புக் கொல்லை கண்ணுக்குள் வந்து நின்றது.

"இல்ல சார். இதுக்குக் கண்ணு எந்தப் பக்கமும் வரும். துடுப்பு தொடங்கற எடத்தப் பாத்தேன், பல்லப் பாத்தேன். மாத்த மாட்டேன்."

அவர் குனிந்து துடுப்பைப் பார்த்தார். மதிப்பெண் போட்டார். அக்கா தேறினார்.

இப்போது உபகாரமேரி அக்கா கடலூரில் மீன்வளத் துறையில் இருக்கிறார். படகுகள் கரைக்கு வந்ததும் கடலடி மீன்களை இனம் பிரிப்பது அவர் வேலை.