கரைக்கு எந்த ர

குணசுந்தரி சேத்துப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். பத்தாவது தேறியவள். நெசவாளி மாணிக்கவேலைக் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்த பிறகுதான் தறியையே கண்ணால் பார்த்தாள். உடல், கரை, முந்தி என்று சேலைக்குரிய சொற்களையெல்லாம் காதால் கேட்டே பழகினாள். ஏரிக்கரைக்குச் சின்ன ர என்று பள்ளியில் படித்திருந்தாள். சேலைக்கு வருவது வேறாகத்தான் இருக்க வேண்டும், பெரிய ற என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் செல்போனும் கையுமாகக் கிடப்பதைப் பார்த்து, அவள் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். காலையில் தெருவில் தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிச் சீர் செய்வார்கள். அதைச் சுருட்டியதும் இடம் காலியாகும். அங்கே கோலமாவால் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதுவாள். அவள் ஒரு சொல்லைச் சொன்னால், பிள்ளைகள் நொண்டியடித்து அந்த எழுத்துகளை மிதித்துப் போக வேண்டும். தப்பாக மிதித்தால் அவுட். பாவு கட்டும் முளைக்குச்சி ஓரம் வெயிலில் போய் நிற்க வேண்டும். பிள்ளைகள் அவளை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் வந்திருந்தது.

அன்றைக்கு அவள் கேட்டது சேலையின் கரை. ஐந்தாவது போகப்போகும் பவித்ரா, 'க'விலிருந்து தாவி 'ரை'யில் நின்றாள்.

"அவுட்டு! பெரிய றை."

"இல்ல மிஸ், பட்டுக்கடை போர்டுல சின்ன ரைதான் போட்டுகீது."

"போர்டு எழுதறவன் பத்தாவது படிச்சானா? அதைப் பாத்துகினு என்கிட்ட வாயாடறியா? போய் நில்லு!"

"சின்ன ரை! சின்ன ரை!" என்று மற்றப் பிள்ளைகள் அவளைக் கேலி செய்து கூவினார்கள். பவித்ரா முளைக்குச்சிப் பக்கம் போகவில்லை. நேராக வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை.

அந்த மறுநாள் சாயங்காலம் மாணிக்கவேலின் சேலை தறியிலிருந்து இறங்கியது. இதுவரை அவன் சேலையை நேரில் கொண்டுபோய்க் காட்டுவான். இப்போது முதலாளி குப்புராஜ், முதலில் போட்டோ வேண்டும் என்றிருந்தார். குணசுந்தரி படமெடுத்து, 'பச்சை உடல், சிவப்புக் கறை' என்று எழுதி வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏம்மா, செவப்புக் கறைன்னு போட்டுகிறியே, எங்க கீது? நானும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணித் தேடறேன், ஒண்ணும் ஆப்புடல. வெத்தல எச்சில் கிச்சில் பட்டுடுச்சா?"

"கரைதாங்க... ஓரத்துல போட்ட கரை."

"அடக் கடவுளே! அதுக்குச் சின்ன ரைம்மா. நீ எழுதினது அழுக்கு. ஜல்தியா அழி, வேற யாராவது பாத்தா சேலையைத் தள்ளிடப் போறான்."

மாணிக்கவேல் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைக் கழுவினாள். பிறகு பவித்ராவின் வீட்டுக்கு நடந்தாள்.

போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. 'கோபிச்சுக்காதே, விளையாட வா' என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லை இனிமேல் கேட்காமலே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

பவித்ரா வாசலில் குந்தியிருந்தாள். சிமெண்ட் தரை முழுக்கச் சாக்பீஸால் எழுதியிருந்தாள்: கறை, கறை, கறை. குணசுந்தரியைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"கத்துக்கினேன் மிஸ். நாளைக்கு வரட்டா?"

குணசுந்தரி தரையைப் பார்த்தாள். சரியாகத் தெரிந்திருந்த பிள்ளை தன் பேச்சை நம்பித் தப்பைப் படித்திருக்கிறது. கால் வைக்க இடமில்லாமல் அந்த எழுத்து. குனிந்து உள்ளங்கையால் ஒன்றை அழித்தாள்.

"நீ மிதிச்சதுதாம்மா சரி. எனக்குத்தான் தெரியல. போர்டு எழுதினவருக்குத் தெரிஞ்சுகீது."

பவித்ரா கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நீங்கதான் அவுட்டா மிஸ்?"

உள்ளேயிருந்து அவள் அம்மா, "ஏய், பெரியவங்களப் போய்..." என்று அதட்டினாள். பாதியிலேயே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அவுட்டுதான்," என்றாள் குணசுந்தரி.

மறுநாள் விளையாட்டில் பவித்ராதான் சொற்களைச் சொன்னாள். குணசுந்தரி முளைக்குச்சி ஓரம் நின்றாள். தண்ணீர்க் குடத்தோடு போன பக்கத்து வீட்டு முனியம்மா நின்று பார்த்தாள்.

"இன்னா குணா, வெயில்ல நின்னுகினு கீற?"

பிள்ளைகள் மொத்தமும் தெருக்கோடி வரை கேட்கும்படி, "மிஸ் அவுட்டு!" என்று பதில் சொன்னார்கள். குணசுந்தரி தலை குனிந்து, கோலமாவில் புதிதாக எழுதியிருந்த 'ரை'யைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.